மாடிவீட்டு மாசி



ஆற்றுப்படை நூல்களைப் பற்றி உயர்தர வகுப்பிலே பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "டீச்சர், இந்தப் பாணன் போகிற இடமெல்லாம் சாப்பிடுகிறானே, அவனுக்கு மரக்கறி, மச்சம் என்ற வித்தியாசமே இல்லையா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் பாடம் முடிந்து கல்கிசைக்கு பஸ் ஏறும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இன்றைய உரை.

முதலில் நூல்களைப் பார்ப்போம். பத்துப்பாட்டிலே உள்ள சிறுபாணாற்றுப்படையை நல்லூர் நத்தத்தனார் பாடினார். நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று வருகின்ற பாணன், எதிரே வறுமையோடு வருகின்ற இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். அந்த வழிகாட்டலிலே ஊர்ப்பெயர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் இடம்பிடிப்பது சாப்பாடுதான். நெய்தல் நிலத்துக்குப் போனால் பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட உலர்மீனும் கிடைக்கும். எயினர் குடியிருப்பிலே புளி சேர்த்த சோறும் காட்டுப் பசுவின் இறைச்சியும் கிடைக்கும். மருத நிலத்து உழவர் வீட்டில் வெண்சோற்றுடன் நண்டுக்கறி. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையிலோ அந்தணர் இல்லமும் வருகின்றது. அங்கே சோற்றுடன், வெண்ணெயிலே மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்த மாதுளங்காயும், மாவடு ஊறுகாயும் பரிமாறப்படுகின்றன. மச்சம் என்பதே இல்லை.

இதிலே நான் கவனிக்கச் சொல்வது ஒன்று. விருந்து கொடுப்பவர் எவரும் வந்தவனுக்காகத் தம் சமையலை மாற்றவில்லை. தம் நிலத்திலே எது விளைகிறதோ, தம் வீட்டிலே எது வழக்கமோ அதைக் கொடுக்கின்றனர். வந்தவனும் அதை உண்கிறான். இந்த ஏற்பாட்டிலே கொடுப்பது எளிது, உண்பதுதான் கடினம். புலவர்கள் அந்தக் கடினத்தைப் பாடாமல் விட்டுவிட்டார்கள். பசித்தவனுக்கு அது கடினமாகத் தெரியாது என்று எண்ணினார்களோ, என்னவோ. என் மாணவன் அந்த இடத்தில்தான் கையை வைத்தான்.

நாங்கள் கல்கிசையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஓர் ஒழுங்கையில் குடியிருக்கிறோம். கீழ்வீட்டில் நாங்கள், என் கணவர், இரண்டு பிள்ளைகள், என் மாமி. மாடியை வீட்டுக்காரர் மாலைதீவிலிருந்து வரும் மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவார். தெஹிவளை, கல்கிசைப் பக்கம் வசிப்பவர்களுக்கு இது புதினமல்ல. மாலைதீவுக் குடும்பங்கள் படிப்புக்கென்றும் வைத்தியத்துக்கென்றும் கொழும்புக்கு வந்து வீடெடுத்துத் தங்குவது நெடுநாளைய வழக்கம். ஏறத்தாழ 1,200 தீவுகளைக் கொண்ட நாடு அது. மக்கள் வாழ்கின்ற தீவுகள் இருநூறுக்கும் குறைவு. அங்கே தேசியப் பல்கலைக்கழகம் என்ற பெயரிலே ஒன்று உருவானதே 2011இல்தான். பின்னாளிலே முப்பது வருடங்கள் ஜனாதிபதியாக இருந்த மாமூன் அப்துல் கயூம்கூட 1947இல் சிறுவனாக இலங்கைக்கு வந்து, சில காலம் இங்கே படித்துவிட்டுத்தான் எகிப்துக்குப் போனார். மாலைதீவின் சுதந்திர உடன்படிக்கை கையெழுத்தானதும் கொழும்பிலேதான். 1965ஆம் ஆண்டு யூலை 26ஆந் திகதி.

எங்கள் மாடிக்கு வந்தவன் பத்தொன்பது வயதுப் பையன். தனியார் கல்வி நிறுவனமொன்றிலே கணினி படிக்க வந்தவன். ஒல்லியான தோற்றம், மெல்லிய குரல். என்னை 'டீச்சர்' என்பான்; நான் 'தம்பி' என்பேன். ஆங்கிலமும், அவன் தெருவிலே பொறுக்கிக்கொண்ட சிங்களமும்தான் எங்களுக்குள் பேச்சு மொழி. அவனுடைய திவெஹி மொழி சிங்களத்துக்கு நெருங்கிய உறவு. சிங்களத்தில் 'பத்' என்ற சோறு அவனுக்கு 'பய்'. 'பென்' என்ற தண்ணீர் 'ஃபென்'. ஆனால் எழுத்தோ வலமிருந்து இடமாகப் போகும். அந்தத் 'தானா' எழுத்துக்களிலே முதல் ஒன்பதும் அரபு எண்களிலிருந்து பிறந்தவை என்று அவன் ஒரு நாள் என் மகளுடைய கொப்பியிலே எழுதிக்காட்டினான். எண்களை எடுத்து எழுத்தாக்கிய சமூகம் ஒன்று நமக்கு இவ்வளவு பக்கத்திலே இருப்பது தமிழ் படித்த எனக்கு அன்றுவரை தெரியாது.

உறவு தொடங்கியதோ மொழியாலல்ல, மணத்தால். வந்து ஒரு கிழமை ஆகவில்லை, ஒரு காலையில் மாமி குசினிக்குள் வந்து, "பிள்ளை, உந்த மணம் எங்கையிருந்து வருது? வெள்ளிக்கிழமையும் அதுவுமா!" என்றார். மாமி பிறந்ததிலிருந்து மரக்கறிக்காரி. அவருக்குப் பிறகு நானும் அப்படியே ஆகிவிட்டேன். மணம் மாடியிலிருந்துதான் வந்தது. மாசி.

மாசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொழும்பிலே வாழும் நாம் நாளும் பொழுதும் கடையிலே காணும் பொருள், ஆனால் அதன் சரித்திரத்தை யாரும் கேட்பதில்லை. சூரை மீனை, சிங்களத்தில் 'பலயா' என்பதை, மாலைதீவுக்காரர் வலைபோட்டு அள்ளுவதில்லை. உயிருள்ள சிறுமீனை இரையாக நீரிலே வீசி, சூரைக்கூட்டம் கிளர்ந்து வரும்போது தூண்டிற்கோலால் ஒன்றொன்றாகப் பிடித்துத் தோணிக்குள் எறிவார்கள். அதன் குடலை நீக்கி, நீளவாக்கிலே நான்காகப் பிளந்து, உப்புநீரிலே அவித்து, புகையிலே வாட்டி, பின் வெயிலிலே நாட்கணக்காக உலர்த்துவார்கள். முடிவிலே அது மரக்கட்டைபோல ஆகிவிடும். கத்திக்கு அசையாது, உரலிலே இடிக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத காலத்திலே மாதக்கணக்காகக் கெடாமல் இருந்ததும், கறியிலே ஒரு கிள்ளு போட்டாலே சுவை ஏறியதும்தான் இலங்கைச் சமையலிலே மாசிக்கு நிலையான இடத்தைக் கொடுத்தன. யப்பானியர் இதே மீனை இதேபோல உலர்த்தி, பூஞ்சணம் பிடிக்கவைத்து, 'கட்சுவோபுஷி' என்று சீவிச் சூப்புக்குப் போடுகிறார்கள். அதன் சுவைக்குக் காரணமான இனோசினேற் என்ற பொருளை 1913இல் கொடாமா என்ற யப்பானிய ஆய்வாளர் கண்டறிந்தார். எங்கள் மாசியின் சுவைக்கும் அதுவே காரணம்.

மீனை அவித்த நீரை வீசிவிட மாட்டார்கள். அதுதான் 'கருதியா' என்னும் தெளிந்த ரசம். சோற்றுக்கு ஊற்றி, தேசிப்புளியும் மிளகாயும் வெங்காயமும் சேர்த்து உண்பார்கள். அதையே வற்ற வற்றக் காய்ச்சினால் பழுப்பு நிறமான களியாகும். 'ரிஹாகுரு' என்று பெயர். அந்தக் களி அடைத்த போத்தல் ஒன்று பையனின் பெட்டியிலே உடுப்புகளுக்கு நடுவிலே இருந்தது. நம்முடைய பிள்ளைகள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போகும்போது மிளகாய்த்தூளையும் ஒடியல் மாவையும் பொதிசெய்து கொடுப்பதில்லையா? அதேதான்.

சொல்லைப் பாருங்கள். சிங்களத்தில் 'மஸ்' என்றால் இறைச்சி. திவெஹியில் 'மஸ்' என்றால் மீன். பையன் வந்த புதிதிலே சிங்களக் கடையொன்றில் 'மஸ்' கேட்க, அவர்கள் மாட்டிறைச்சிக் கடைக்கு வழிகாட்டினார்களாம். இறைச்சியைக் குறிக்கும் சொல் வடமொழி 'மாம்ச'த்தின் வழி வந்தது. மீனைக் குறிப்பது 'மத்ஸ்ய'த்தின் வழி. இந்த 'மத்ஸ்ய'மே யாழ்ப்பாணத்து வீடுகளிலே 'இண்டைக்கு மச்சமோ, மரக்கறியோ?' என்று கேட்கிறபோது வரும் 'மச்ச'மாகவும் இருக்கிறது. 'மாசி' என்பதும் இந்தத் தீவுகளின் 'மஸ்'ஸிலிருந்து நமக்கு வந்ததென்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. என் மாமி மூக்கைப் பொத்திய பொருளும், மூக்கைப் பொத்துவதற்கு அவர் சொன்ன காரணமும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்!

மாசியைப் பற்றிய பழைய வருணனை ஒன்று மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதாவுடையது. அவர் 1343, 1344ஆம் ஆண்டுகளிலே மாலைதீவில் தங்கி, காதியாராகப் பதவி வகித்து, திருமணமும் செய்துகொண்டவர். மீனை நான்காக வெட்டி, இலேசாக அவித்து, ஓலைக் கூடைகளிலே வைத்துப் புகையூட்டும் முறையை அவர் எழுதுகிறார். அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யெமனுக்கும் ஏற்றுமதியாகும் என்கிறார். இன்றும் முறை ஏறத்தாழ அதேதான்.

அங்கிருந்து கப்பலேறியவர் இலங்கைக் கரையிலே, இன்றைய புத்தளம் எனக் கருதப்படும் இடத்திலே இறங்கினார். அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி. யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர். மன்னருக்குப் பாரசீகம் விளங்கியதாம். முத்துக்களைக் கொடுத்து, பாவா ஆதம் மலைக்குப் போக விரும்பிய அந்த முஸ்லிம் பயணிக்குப் பல்லக்கும், துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும், சாப்பாட்டுப் பொருள் சுமக்க ஆட்களையும் அனுப்பிவைத்தார். இந்தக் கூட்டம் வழியிலே எப்படிச் சமைத்திருக்கும், யார் யாரோடு இருந்து உண்டிருப்பார்கள் என்று எனக்கு அறிய ஆவல். அதை அவர் எழுதவில்லை. ஆனால் வேறொன்றை எழுதியிருக்கிறார்: இந்தியாவில் தான் கண்ட இந்துக்கள் முஸ்லிம்களைத் தம் பாத்திரங்களில் உண்ணவிடுவதில்லை என்றும், இலங்கையில் உள்ளவர்களோ முஸ்லிம் பக்கீர்களை வீட்டுக்குள் அழைத்து உணவளித்து மதிக்கிறார்கள் என்றும். ஏறத்தாழ எழுநூறு வருடங்களுக்கு முன் ஓர் அந்நியன் நமக்குத் தந்த நற்சான்றிதழ் அது. அதற்கு நான் தகுதியாக நடந்தேனா என்பதுதான் அடுத்த கதை.

நோன்பு மாதம் வந்தது. மாடியிலே பையன் தனியே நோன்பு பிடித்தான். மாலையிலே பள்ளிவாசலுக்குப் போய்க் கஞ்சி குடிப்பான். சில நாட்களில் மழையென்று போகமாட்டான். ஒரு மழை நாளிலே குழல்புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சொதியும் தட்டிலே வைத்து மகனிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் தட்டுத் திரும்பி வந்தது. வெறுந்தட்டாக அல்ல. அயலவர் தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாதென்பது நம்முடைய வழக்கம் மட்டுமென்று எண்ணியிருந்தேன். அவர்களிடமும் அதுதான் வழக்கமாம். தட்டிலே நான்கு ரொட்டிகளும் - 'ரொஷி' என்பார்கள் - பக்கத்திலே ஒரு குவியல் 'மஸ் ஹுனி'யும். மீனையும் தேங்காய்ப்பூவையும் வெங்காயம், மிளகாய், தேசிப்புளியோடு பிசைந்தது. அவர்களுடைய காலைச் சாப்பாட்டின் அரசன் அது.

பையன் வாசலிலே நின்றான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'தம்பி, நாங்கள் மச்சம் சாப்பிடுவதில்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனம் நோகுமென்று எண்ணி வாங்கிக்கொண்டேன். மறுநாள் "நல்ல ருசி" என்று புளுகியும் விட்டேன். அதனால் நோன்பு முடியும்வரை மூன்று தடவை மஸ் ஹுனி வந்தது. மூன்று தடவையும் அது பின்வளவு மதிலோரம் வந்து நிற்கும் பூனைக்குத்தான் போனது. மூன்றாவது தடவை பையன் மேலே உடுப்புக் காயப்போட வந்தவன் கீழே பார்த்துவிட்டான். பூனையையும் கண்டான், தட்டோடு நின்ற என்னையும் கண்டான். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்விட்டான்.

பிறகு பத்து நாட்கள் படியிலே கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனான். அந்தப் பத்து நாளும் எனக்கு நினைவிலே நின்றவர் கணிதமேதை இராமானுஜன்.

இராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தைத் தொடமாட்டார். தம் அறையிலே தாமே சமைப்பார். பின்னாளிலே புள்ளிவிபரவியலில் பேர்பெற்ற மஹலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். அவர் பத்திரிகையில் வந்த கணிதப் புதிரொன்றை வாசித்துக் காட்ட, இராமானுஜன் அடுப்பிலே மரக்கறியைக் கிளறியபடியே விடை சொன்னார் என்ற கதை நேயர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாத கதை இன்னொன்று உண்டு. சாட்டர்ஜி என்ற வங்காள மாணவரையும், அவர் மணக்கவிருந்த இலா ருத்ரா என்ற பெண்ணையும் இராமானுஜன் ஒரு நாள் விருந்துக்கு அழைத்தார். தாமே வைத்த சூப்பைப் பரிமாறினார். இன்னும் கொஞ்சம் என்றார், வாங்கினார்கள். மூன்றாந் தடவையும் நீட்டியபோது பெண்கள் போதுமென்றார்கள். சிறிது நேரத்தில் பார்த்தால் விருந்து கொடுத்தவரைக் காணவில்லை!  சில நாட்களின் பின் ஒக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது, ஐந்து பவுண் அனுப்பும்படி. திரும்பி வந்தபின் சொன்னாராம், தம் சமையலை அவர்கள் மறுத்தது தாங்கமுடியாத அவமானமாக இருந்ததென்று.

இதை வாசிக்கிறவர்கள் மேதைகளின் விசித்திரம் என்று சிரிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்நிய நாட்டிலே, குளிரிலே, புளியும் பருப்பும் தேடித் திரிந்து சமைக்கின்ற ஒருவனிடம் அந்தச் சூப்பைத் தவிரக் கொடுப்பதற்கு வேறென்ன இருந்தது? அவனுடைய வீடு, ஊர், தாய் எல்லாம் அந்தச் சட்டிக்குள்தான். திருக்குறளிலே விருந்தோம்பல் என்று ஓர் அதிகாரமே உண்டு. வந்த விருந்தாளியின் மனம் எத்தனை மென்மையானதென்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். கொடுக்கிறவனின் மனமும் அதற்குக் குறைந்ததல்ல.

கடைசியில் மாடிக்குப் போனேன். கதவைத் தட்டி, நின்ற நிலையிலேயே உள்ளதைச் சொன்னேன். எங்கள் வீடு மரக்கறி வீடு. உன்னைத் தாழ்வாக எண்ணியல்ல. சொல்லத் தைரியமில்லாமல் பொய் சொன்னேன், என்று. பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "பூனைக்கு விருப்பமா, டீச்சர்?" என்று கேட்டான். விருப்பம் என்றேன். சிரித்துவிட்டான்.

"எனக்குப் பன்றி எப்படியோ உங்களுக்கு மீன் அப்படி. முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அதற்கேற்ற மாதிரிச் செய்திருப்பேனே" என்றான். எவ்வளவு இலகுவான சங்கதி! விலக்குணவு என்பது அவனுக்குப் புரியாத விடயமா? புரியாதென்று நானாக முடிவுகட்டியதுதான் பிழை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குசினியிலேயே செய்து காட்டினான். மஸ் ஹுனியிலே இலைவகை சேர்த்துச் செய்வதும் உண்டு. அதிலே ஒன்று முருங்கையிலை. அவர்களுடைய மொழியிலும் அதற்கு 'முரங்க' என்றுதான் பெயர்! மீனை விட்டுவிட்டு, முருங்கையிலையை அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய், தேசிப்புளி சேர்த்துப் பிசைந்தான். எங்கள் வறையை அடுப்பில் ஏற்றாமல் எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. அறையிலிருந்து எட்டிப்பார்த்த மாமி, "இதென்ன, முருங்கையிலைச் சம்பலோ?" என்றபடி ஒரு ரொட்டித் துண்டோடு கொஞ்சம் வாங்கிக்கொண்டார். தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடிப்போச்சு என்று குறையும் சொன்னார். குறை சொன்னாரென்றால் சாப்பிட்டுவிட்டார் என்று பொருள்.

இதிலே இன்னொரு வேடிக்கையையும் சொல்லாமல் விடக்கூடாது. அன்று பின்னேரம் தேநீருக்குச் சீனிச்சம்பல் பணிஸ் வாங்கி வந்திருந்தோம். பல வருடங்களாக எங்கள் வீட்டுப் பின்னேரப் பலகாரம் அதுதான். வெங்காயமும் சீனியும் மிளகாயும்தானே! பையன் ஒன்றைப் பிரித்து மூக்கருகிலே பிடித்தான். "டீச்சர், இதிலே எங்கள் மாசி இருக்கிறதே" என்றான். கடைக்காரரிடம் கேட்டேன். "மாசி போடாமல் சீனிச்சம்பலா?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். நான் எத்தனை விரதங்களை அந்தப் பணிஸோடு முடித்திருக்கிறேன் என்பதை இங்கே கணக்கிட விரும்பவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் வானொலிக்குக் கொண்டுவந்திருக்க மாட்டேன். அடுத்த வருடம் பையனின் பாட்டி கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு வந்து மாடியிலே தங்கினார். வந்த அன்று மாமி கீழே நின்று என் மகனை உரத்த குரலிலே கூப்பிட்டார். மேலே யன்னல் படாரென்று சாத்தப்பட்டது. மறுநாளும் அப்படியே. நாங்கள் படியிலே பேசினால் அந்த அம்மா கதவைப் பூட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் பையன் தயங்கித் தயங்கி வந்து காரணம் சொன்னான்.

1988ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி அதிகாலையிலே மாலே நகரில் என்ன நடந்ததென்று நேயர்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அரசாங்கத்தைக் கவிழ்க்க முயன்ற மாலைதீவுக்காரர் சிலருக்குக் கூலிப்படையாக, இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவொன்றைச் சேர்ந்த ஏறத்தாழ எண்பது பேர் படகுகளிலே போய் இறங்கினார்கள். ஜனாதிபதி கயூம் தப்பி ஒளித்தார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து புறப்பட்ட இந்தியப் படையினர் ஹுல்ஹுலே விமான நிலையத்திலே வந்திறங்கினர். தாக்கியவர்களில் ஒரு பகுதியினர் பணயக் கைதிகளோடு கப்பலொன்றில் தப்பியோட, இந்தியக் கடற்படை மறித்துப் பிடித்தது. பொதுமக்களும் உயிரிழந்தார்கள். அந்த நாளை மாலைதீவிலே வெற்றி நாளாக இன்றும் நினைவுகூருகின்றார்கள். இங்கே நமக்கோ அது நம்முடைய பெரிய துயரங்களுக்கு நடுவே ஒரு சிறு செய்தி. எனக்கு அப்போது சின்ன வயது. பெரியவர்கள் அதைப் பேசியதாகக்கூட நினைவில்லை.

அந்தப் பாட்டி அன்று மாலேயிலே, பிள்ளைகளைக் கட்டிலின் கீழ் ஒளித்துவைத்துக்கொண்டு, தெருவிலே ஓடியவர்கள் போட்ட சத்தத்தைக் கேட்டிருக்கிறார். அவர் தம் வாழ்நாளில் கேட்ட முதல் தமிழ் அதுதான்.

நான் என்ன சொல்வது? 'அது நாங்களல்ல' என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் யன்னலைச் சாத்திய கைக்கு அந்த விளக்கம் போய்ச் சேருமா? இரவு சாப்பாட்டு வேளையிலே விடயத்தை மாமியிடம் சொன்னேன். மாமி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எங்கள் எவருக்கும் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

1983 யூலையிலே மாமியும் மாமாவும் கைக்குழந்தையோடு தெஹிவளையில் இருந்தவர்கள். ஒழுங்கைக்குள் ஆட்கள் வந்தபோது பக்கத்துச் சிங்களக் குடும்பம் அவர்களைத் தம் பின்னறைக்குள் வைத்துப் பூட்டியது. இரண்டு பகல், இரண்டு இரவு. அதன் பிறகுதான் இரத்மலானை விமான நிலைய அகதி முகாமும், காங்கேசன்துறைக்குக் கப்பலும். அந்த வீட்டுக்காரி இரண்டாம் நாள் ஒரு தட்டிலே சோறும் பருப்பும் சம்பலும் கொண்டுவந்து வைத்தாளாம். "சம்பலிலை மாசி கிடந்தது. மணத்திலையே தெரிஞ்சது. பிள்ளைக்குப் பால் வேணுமெண்டு எல்லாத்தையும் சாப்பிட்டன்" என்றார் மாமி. பிறகு மெதுவாக, "வெளியிலை சிங்களத்திலை ஆரும் கதைச்சாலே எனக்கு எத்தனை வருசம் நெஞ்சு இடிச்சது தெரியுமோ பிள்ளை? அந்த மனுசிக்கும் அப்பிடித்தானே இருக்கும்" என்றார்.

அடுத்த நாள் காலை மாமி மாடிக்குப் போகவில்லை. என்னையும் போகவிடவில்லை. "நாங்கள் போனா அவ பயப்பிடுவா" என்றார். முருங்கையிலை ஒரு பிடி ஒடித்து, தேங்காய்ப்பூ துருவி, பையனைக் கூப்பிட்டு அவன் கையிலே கொடுத்தார். அன்றிலிருந்து பேரனைக் கூப்பிடுகிற குரலையும் தணித்துக்கொண்டார். ஒழுங்கைக்கே கேட்கின்ற குரல் அது! பாட்டி அந்த மூன்று கிழமையிலும் ஒரு தடவைதான் கீழே வந்தார். கட்டுப்போட்ட கண்ணோடு, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு. விறாந்தைக் கதிரையிலே உட்கார்ந்து பால் தேநீர் பாதி குடித்தார். மாமிக்குத் திவெஹி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. பேசியதெல்லாம் பையன் மூலம் முழங்கால் வலியைப் பற்றித்தான்.

வகுப்பிலே கேள்வி கேட்ட மாணவனுக்கு இந்தக் கதையை நான் இன்னும் சொல்லவில்லை. பாணன் எல்லா வீட்டிலும் உண்டான் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

பையன் படிப்பை முடித்துப் போய்விட்டான். போன மாதம் கொழும்புக்கு வந்த ஒருவர் மூலமாகப் பாட்டி ஒரு பொதி அனுப்பியிருந்தார். தேங்காய்ப்பூவையும் இனிப்புப் பாணியையும் சேர்த்துக் காய்ச்சி, வாழைச்சருகிலே நீளமாகச் சுற்றிக் கட்டிய இனிப்பு, 'போண்டி' என்பார்கள். நம்முடைய உழுந்துப் போண்டாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாமி ஒன்றைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார்.

"இதிலை மாசி இல்லைத்தானே பிள்ளை?"

இல்லை மாமி என்றேன்.

"கிடந்தாலும் இனி என்ன" என்று வாயிலே போட்டுக்கொண்டார்.